மிஸ்டு கால் யாருக்குச் சொந்தம்?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலை நாலரை மணிக்குப் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. வண்டியிலிருந்து மூட்டை இறங்கும், ஒரு பக்கம் விலை கூவுவார்கள், இன்னொரு பக்கம் ஈரச் சாக்கை உதறுவார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே கமிஷன் கடை அண்ணன் ஒருவரின் சட்டைப் பையில் போன் அடித்து நின்றது. அவர் எடுக்கவில்லை. திரையை மட்டும் பார்த்துவிட்டு, "காரியாபட்டி அக்கா கிளம்பிருச்சு, இடம் ஒதுக்கி வையி" என்று கடைப் பையனிடம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு எண், அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்து நின்றது. "திருமங்கலம் இன்னைக்கு வரலையாம்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒரு தடவை விட்டா பூ வருது. ரெண்டு தடவை விட்டா இல்ல. அம்புட்டுத்தேன் தம்பி."

இது 2013-இல். கே.கே. நகரில் மூன்று பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம் வைத்திருந்தேன். என் சித்தப்பா திருமங்கலம் பக்கம் ஒரு ஏக்கரில் மல்லி போட்டிருந்தார். அவருடைய தீராத புலம்பல், "பூவை எடுத்துட்டு வந்து இறக்கின பிறகுதான் விலை தெரியுது" என்பது. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் கிலோ ஆயிரங்களில் போகும் மல்லி, முகூர்த்தம் முடிந்ததும் சில நூறுக்கு இறங்கிவிடும். விலை முன்கூட்டியே தெரிந்தால் நிலக்கோட்டைக்குப் போவதா, மதுரைக்கு வருவதா என்று தோட்டத்திலேயே முடிவு செய்யலாம். மல்லி மொட்டு யாருக்காகவும் காத்திருக்காது. விடிவதற்குள் பறித்தாக வேண்டும், மலர்வதற்குள் விற்றாக வேண்டும்.

அண்ணனின் மிஸ்டு காலைப் பார்த்த அன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. விவசாயி ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார். எங்கள் கணினி அழைப்பைத் துண்டித்துவிட்டு, அரை நிமிடத்தில் அன்றைய விலையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும். அவருக்குச் செலவில்லை. படிக்கத் தெரிந்தால் போதும், ஸ்மார்ட்போன் வேண்டாம்.

யோசனை அவ்வளவுதான், நாலு வரி. அதைச் செய்து முடிக்க ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதத்தில் எது நேரத்தைத் தின்றது என்று ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் அனுப்பினால் 70தான். அந்த 70-ம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. 'மல்லி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் ஐந்து. மகரத்துக்கு ஒன்று, இரண்டு லகரத்துக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று. 'பிச்சி' ஆறு, 'முல்லை' ஆறு, 'கனகாம்பரம்' பத்து. ஒரு செய்தியில் நாலு பூவின் பெயர், நாலு விலை, நேரம் எல்லாம் அடங்க வேண்டும். 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்தியாகி இரட்டைக் காசு. முழுப் பெயரைச் சுருக்கினால் சித்தப்பாவுக்குப் புரியவில்லை. 'கனகா' என்று போட்டோம், அது புரிந்தது. 'முல்' என்று போட்டோம், அது புரியவில்லை. கடைசியில் பூக்களை எந்த வரிசையில் போடுவது என்பதை மார்க்கெட்டில் உட்கார்ந்து பெண்களிடம் கேட்டுக் கேட்டு முடிவு செய்தோம். வரிசை பழகிவிட்டால் பெயரையே விட்டுவிடலாம் என்று சொன்னது காரியாபட்டி அக்காதான். "மொதல்ல மல்லி, அப்புறம் பிச்சி, அப்புறம் முல்லை, கடைசியா கனகாம்பரம். நம்பரைப் போடுங்க தம்பி, நாங்க தெரிஞ்சுக்கிறோம்" என்றார்.

இரண்டு ஆண்டில் 17 கடைகள் சேர்ந்தன. கடைக்கு மாதம் 600 ரூபாய். பெரிய பணம் இல்லை. ஆனால் அதுவரை நான் செய்த எந்த வேலையும் எனக்கு அந்த நிறைவைத் தந்ததில்லை.

அப்புறம் 2015 கடைசியில், வேறு ஊரிலிருந்து, முதலீட்டாளர் பணத்தோடு ஒரு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். அதே மிஸ்டு கால், அதே எஸ்எம்எஸ், நாங்கள் போட்ட பூ வரிசைகூட அப்படியே. கடைக்காரர்களுக்கு இலவசம். இரண்டே மாதத்தில் 17-இல் 11 கடை அங்கே போய்விட்டது. என்னை அறிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நீ ஏன் முதல்லயே பேட்டன்ட் வாங்கி வைக்கல?"

அந்தக் கேள்வி என்னை ஒரு மாதம் தூங்க விடவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல் சிக்கலை இங்கேயே அவிழ்த்துவிடலாம். தமிழில் 'காப்புரிமை' என்று காப்பிரைட்டையும் சொல்கிறோம், பேட்டன்ட்டையும் சொல்கிறோம். இரண்டும் முற்றிலும் வேறு. நான் எழுதிய நிரல் என் எழுத்து. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே பாதுகாக்கிறது. அதை வரிக்கு வரி நகலெடுத்தால் நான் வழக்குப் போடலாம். பேட்டன்ட் எழுத்தைப் பிடிப்பதில்லை, யோசனையைப் பிடிக்கிறது. என் நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காதவர், தானாக யோசித்துத் தானாக எழுதியிருந்தாலும், 20 ஆண்டுக்கு என் அனுமதி இல்லாமல் அதைச் செய்ய முடியாது. அவ்வளவு பெரிய கதவு அது. இனி இந்தக் கட்டுரையில் பேட்டன்ட் என்றே எழுதுகிறேன்.

2016 ஜனவரியில் சென்னைக்குப் போய் ஒரு பேட்டன்ட் ஏஜென்ட்டைப் பார்த்தேன். பொறுமையானவர். தனி ஆள் இணையத்தில் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய்தான் என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வந்தது. வரைவு எழுத, முன்பே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேட, பரிசோதகரின் ஆட்சேபங்களுக்குப் பதில் எழுத ஆகும் தொகையைச் சொன்னபோது அந்த நம்பிக்கை பாதி போனது. எங்கள் அலுவலகத்தின் மூன்று மாத வாடகையைவிட அதிகம்.

அதற்கப்புறம் சட்டத்தைச் சொன்னார். 1970-ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் எதையெல்லாம் கண்டுபிடிப்பாக ஏற்க முடியாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 'கே' உட்பிரிவு: கணித முறை, வணிக முறை, தன்னளவிலான (அதாவது வேறெதோடும் சேராத வெறும்) கணினி நிரல், அல்காரிதம். 2002-இல் திருத்தி 2003-இல் நடைமுறைக்கு வந்த வாசகம் அது. 2004 டிசம்பரில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு, தொழிலில் தொழில்நுட்பப் பயன் உள்ள நிரலுக்கும் வன்பொருளோடு சேர்ந்த நிரலுக்கும் வழிவிடப் பார்த்தது. 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தில் அந்த மாற்றம் இல்லை. பழைய வாசகமே நின்றது. அதே 2005 ஜூலை 6-ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் பேட்டன்ட்டுக்கு வழி திறக்க இருந்த வரைவை 648-க்கு 14 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது. நாலு மாத இடைவெளியில் இரண்டு நாடாளுமன்றங்கள் ஒரே பக்கம் நின்றன.

நான் போன சமயம் இன்னொரு குழப்பமும் இருந்தது. கணினி சார்ந்த விண்ணப்பங்களை எப்படிப் பரிசோதிப்பது என்று 2015 ஆகஸ்டில் பேட்டன்ட் அலுவலகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. எதிர்ப்பு வரவே டிசம்பரில் நிறுத்தி வைத்தது. அடுத்தது 2016 பிப்ரவரியில்தான் வந்தது. நான் அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்திருந்தேன்.

"சரி, சட்டத்தை விடுங்க. வன்பொருளைச் சேர்த்து, வார்த்தையை மாத்தி எழுதிப் பார்க்கலாம்" என்றார் ஏஜென்ட். "முதல்ல நான் கேக்கிறதுக்கு உண்மையைச் சொல்லணும். இந்த யோசனை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?"

வாயைத் திறந்தேன். கமிஷன் கடை அண்ணனின் சட்டைப் பை கண்ணில் வந்தது. ஒரு தடவை விட்டா பூ வருது, ரெண்டு தடவை விட்டா இல்ல. காசு செலவழிக்காமல் சேதி சொல்லும் அந்த வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அப்பா, பஸ்ஸை விட்டு இறங்கிய மகள், தண்ணீர் லாரிக்காரர் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். பெங்களூரில் 2010-இல் தொடங்கிய ஜிப்டயல் என்ற நிறுவனம் மிஸ்டு காலையே தொழிலாக்கி, 2015 ஜனவரியில் டிவிட்டர் அதை வாங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அவர்களும் இந்த மக்களிடமிருந்துதான் எடுத்தார்கள். பூ வரிசையோ, காரியாபட்டி அக்கா சொன்னது. பேட்டன்ட் விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

இதற்குள் எனக்கு வேறொரு கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது. சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதே நினைப்புதான்.

2012-இல் அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் ஒருவருக்கு நாங்கள் வேலை செய்துகொண்டிருந்தோம். இட்லிப் பொடி, வத்தல், முறுக்கு விற்கும் சின்ன இணையக் கடை. பார்சல் கிளம்பினதும் வாங்கினவருக்கு "கிளம்பிவிட்டது, இத்தனை மணிக்கு வரும்" என்று ஒரு செய்தி போகும்படி செய்து கொடுத்தோம். இரண்டு நாள் வேலை. ஐந்து மாதம் கழித்து அவருக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பொருள் வந்து சேரும் நேரத்தை முன்கூட்டி அறிவிப்பது எங்கள் பேட்டன்ட், உரிமத் தொகை கட்டுங்கள், இல்லையென்றால் வழக்கு. அனுப்பிய நிறுவனம் எதையும் தயாரிக்கவில்லை, எதையும் விற்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது அந்தக் காகிதம் மட்டுமே.

அவர் என்னிடம் போனில் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதை நீங்க எங்கிருந்து எடுத்தீங்க?" என்பது. திருட்டுப் பொருளை வாங்கிவிட்டோமோ என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது. நாங்கள் எங்கிருந்தும் எடுக்கவில்லை. ஊரிலிருந்து அம்மா அரிசி மூட்டை ஏற்றிவிட்டால் டிரைவர் நம்பரைச் சொல்லி, "காலைல ஆறு மணிக்கு வந்துரும், போய் எடுத்துக்கோ" என்று போன் செய்வாளே, அதைத்தான் நிரலாக எழுதினோம். இதையெல்லாம் நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம், ஜெயிக்கவும் செய்யலாம், ஆனால் ஜெயிப்பதற்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு அவர்கள் கேட்கும் தொகை முடிந்துவிடும் என்றார் அவருடைய வக்கீல். பணத்தைக் கட்டினார். அந்த வசதியையும் எடுத்துவிடச் சொன்னார். கொஞ்ச நாளில் வேலை குறைந்து, எங்களிடம் இருந்த இரண்டு பேரை நான் அனுப்ப வேண்டியதாயிற்று. அதில் ஒருவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

அந்தக் கடிதத்தை அனுப்பியவர்களை நான் எப்படியெல்லாம் திட்டினேன்! நாலு வருஷம் கழித்து அதே மாதிரி ஒரு காகிதம் கேட்டுத்தான் சென்னைக்குப் போயிருக்கிறேன் என்பது திண்டிவனம் தாண்டும்போது உறைத்தது.

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் அமேசானின் ஒரே சொடுக்கு பேட்டன்ட். 1997 செப்டம்பரில் விண்ணப்பித்து 1999 செப்டம்பரில் வாங்கினார்கள். கண்டுபிடித்தவர்கள் நாலு பேரில் ஜெஃப் பெசோஸும் ஒருவர். அதன் முதல் உரிமைக்கோரலின், அதாவது 'இதுதான் எனக்குச் சொந்தம்' என்று எழுதும் வாசகத்தின், சாரம் இதுதான்: பொருளைக் காட்டு, வாங்குபவர் ஒரே ஒரு செயல் செய்ததும் அவர் யார் என்ற அடையாளத்தோடு ஆர்டரை அனுப்பு, ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் விவரத்தை எடுத்து ஆர்டரைப் பூர்த்தி செய், இதெல்லாம் கூடை என்ற ஏற்பாடு இல்லாமல் நடக்க வேண்டும்.

எங்கள் தெரு அண்ணாச்சி கடை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அம்மா வாசலில் நின்று, "அண்ணாச்சி, எப்பவும் போடுறதப் போட்டு விடுங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தை போதும். வீடு எது என்று அவருக்குத் தெரியும். என்ன பருப்பு, எத்தனை கிலோ என்று தெரியும். காசு நோட்டில் ஏறும், அப்பா சம்பளத்தன்று அடைபடும். கூடையும் கிடையாது. இணையம் என்ற சொல்லைச் சேர்த்தால் இது புதிதாகிவிடுமா?

அமெரிக்காவில் புதிது என்று எடுத்துக்கொண்டார்கள். பேட்டன்ட் கிடைத்த அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தக நிறுவனத்தின் மேல் அமேசான் வழக்குப் போட்டது. 1999 டிசம்பர் 1-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில், இடைக்காலத் தடையும் வாங்கியது. அந்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? வாங்குகிறவர் கூடுதலாக ஒரு தடவை அழுத்தும்படி தன் பக்கத்தை மாற்றியது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, 2002-இல் சமரசமானார்கள். ஆப்பிள் நிறுவனமே 2000-இல் காசு கொடுத்து உரிமம் வாங்கிக்கொண்டது. நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் கால்வெலி என்ற நடிகர், தான் வாங்கிய புத்தகம் தாமதமாக வந்த கோபத்தில், தன் வலைப்பதிவு வாசகர்களிடம் நன்கொடை சேர்த்து 2006-இல் மறுபரிசோதனை கோரினார். 2007-இல் பல கோரல்கள் நிராகரிக்கப்பட்டன. கொஞ்சம் சுருக்கி எழுதிய பிறகு 2010-இல் மறுபடி உறுதியானது. 2017 செப்டம்பரில்தான் காலாவதியானது. ஒரு சொடுக்குக்கு இருபது ஆண்டு.

அந்தச் சண்டை நடந்த நேரத்தில், 2000 மார்ச்சில், பெசோஸே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மென்பொருள், வணிக முறை பேட்டன்ட்டுகளுக்கு 3 முதல் 5 ஆண்டு போதும் என்றார். நல்ல மனதோடு சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் விண்ணப்பம் வெளியாகவே 18 மாதம், பரிசோதனைக்கு இன்னும் சில ஆண்டு என்று போகும் ஏற்பாட்டில் மூன்று வருஷ உரிமை யாருக்கு உதவும்? என்னைப் போன்றவருக்கு அது கையில் வருவதற்குள் முடிந்திருக்கும். பெரிய நிறுவனம் முன்கூட்டியே நூறு விண்ணப்பம் போட்டு வைத்திருக்கும்.

எனக்கு இதில் அடிப்படையாகப் படுவது பேட்டன்ட் என்ற ஒப்பந்தம். நீ கண்டுபிடித்ததை ஊருக்கு எழுதிச் சொல்லு, பதிலுக்கு 20 ஆண்டு உனக்கு மட்டும் என்பதுதான் அந்தப் பேரம். நியாயமான பேரம்தான். மருந்தை எப்படிச் சமைத்தார்கள் என்பது மாத்திரையைப் பார்த்தால் தெரியாது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அமைத்த ஆர்எஸ்ஏ மறையாக்கத்துக்கு (சேதியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் முறை) 1983-இல் பேட்டன்ட் கொடுத்தார்கள் என்றால், அதிலாவது யாருக்கும் சுலபத்தில் எட்டாத கணிதம் இருந்தது. அதை எழுதிச் சொன்னதால் உலகம் ஏதோ கற்றது. அதுவும் கூடாது என்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் இணையத்தில் ஒரு பொத்தான், ஒரு செய்தி, ஒரு மிஸ்டு கால்? வெளியிட்ட நிமிடமே அது எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. பேட்டன்ட் ஆவணத்தைப் படித்து யாரும் புதிதாக எதையும் கற்கப் போவதில்லை. ஊர் தன் பங்குக்கு 20 ஆண்டைக் கொடுக்கிறது, பதிலுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

'பார்த்த பிறகு எல்லாமே எளிதாகத்தான் தெரியும்' என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது, நானே அதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் இந்தத் துறையில் எளிய யோசனை ஒருவருக்கு மட்டும் வருவதில்லை. எல்லார் கையிலும் போன் வந்ததும் விலையைப் போனில் சொல்லலாம் என்று பத்து ஊரில் பத்து பேருக்குத் தோன்றும். முதலில் ஓடிப்போய்ப் பதிவு செய்தவருக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டு மற்ற ஒன்பது பேரையும் திருடர் ஆக்குவதா? அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2014 ஜூனில் ஆலிஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இதன் ஒரு பகுதியைச் சொன்னார்கள். பழைய வணிக வழக்கத்தைச் சாதாரணக் கணினியில் செய்வதாக எழுதிவிட்டால் மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது. எங்கள் இட்லிப் பொடிக் கடைக்காரருக்கு அந்தத் தீர்ப்பு இரண்டு வருஷம் பிந்தி வந்தது.

மதுரையில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது அரவிந்த் கண் மருத்துவமனையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது. 2014-இல் என் அம்மாவுக்கு அங்கேதான் கண்புரை எடுத்தார்கள். அறுவை அரங்குக்குள் நடப்பதைப் பற்றி அம்மா வந்து சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "பக்கத்து மேசைல ஒரு அம்மாவுக்குச் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. முடிச்சதும் டாக்டர் அப்படியே இந்தப் பக்கம் திரும்பிட்டாரு." ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போது அடுத்தவரைச் செவிலியர்கள் தயார் செய்து வைத்திருப்பார்கள். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாது. கேட்டால் எளிய யோசனை. ஏழைக்கு இலவசமாகப் பார்வை கொடுக்க முடிந்ததில் அந்த எளிய யோசனைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. லைக்கோ என்று ஒரு பயிற்சி நிறுவனம் வைத்து, மற்ற ஊர், மற்ற நாட்டு மருத்துவமனைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். 1992-இல் தொடங்கிய ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்து வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்குக் கொடுத்தது. லென்ஸ் செய்வதற்கு இயந்திரம் வேண்டும், துல்லியம் வேண்டும், பல வருஷப் பழக்கம் வேண்டும். அங்கே பேட்டன்ட் பற்றிய கேள்வி வேறு மாதிரி. ஆனால் இரண்டு மேசை யோசனையை யாராவது 20 ஆண்டுக்குத் தனதென்று சொல்லியிருந்தால்? நம் சட்டம் வணிக முறைக்குப் பேட்டன்ட் இல்லை என்று சொல்வதன் அருமை எனக்கு அம்மாவின் கண்ணில் தெரிகிறது.

'அப்படியானால் சின்ன ஆளுக்கு என்னதான் பாதுகாப்பு?' என்று ஒரு நண்பர் விடாமல் கேட்டார். சுங்குடியைச் சொன்னார். துணியில் நூலால் முடிச்சுப் போட்டுப் போட்டுச் சாயம் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் புள்ளி. நம் ஊர் சௌராஷ்டிர மக்களின் கை வேலை. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கினார்கள், மதுரை மல்லிக்கு 2013-இல் கிடைத்தது. அது ஒரு ஆளுக்குச் சொந்தமாகாமல் ஊருக்குச் சொந்தமாக இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் புதுமண்டபத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால், அச்சடித்த புள்ளி போட்ட சேலை சுங்குடி என்ற பெயரில்தான் குவிந்திருக்கும். காகிதம் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏற யாருக்கு நேரமும் காசும் இருக்கிறது? பேட்டன்ட்டும் அப்படித்தான். அது ஆயுதம். வக்கீலுக்குக் காசு கொடுக்க முடிகிறவர் கையில்தான் அது ஆயுதமாக இருக்கும். அந்த வெளியூர் நிறுவனத்தின் மேல் நான் வழக்குப் போட்டிருந்தால் என் வீட்டைத்தான் விற்றிருப்பேன்.

இன்னொன்றும் மெதுவாகத்தான் எனக்குத் தெரிய வந்தது. என்னிடமிருந்து உண்மையில் களவு போனது யோசனை இல்லை. 2,300 விவசாயிகளின் போன் எண்ணும், யார் எந்தப் பூ, எந்த ஊர், எந்தக் கடை என்ற விவரமும் ஒரு நீள நோட்டில் இருந்தது. இரண்டு வருஷம் டீக்கடையிலும் தோட்டத்திலும் உட்கார்ந்து நான் கையால் எழுதியது. எங்களிடம் வேலை பார்த்த ஒரு பையன் அதைப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறான். இதற்குப் பேட்டன்ட் எந்த வகையிலும் உதவாது. வேலைக்குச் சேரும்போதே ஒழுங்கான ஒப்பந்தம் எழுதியிருக்க வேண்டும், நோட்டைப் பூட்டி வைத்திருக்க வேண்டும், விவசாயிகளின் எண் அவர்களைக் கேட்காமல் கைமாறுவதை நானும் குற்றமாக நினைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் என் கையில் இருந்தன.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்றால், 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில் 'தன்னளவிலான' என்ற சொல்லைக் காட்டி, தொழில்நுட்ப விளைவு இருந்தால் கணினி சார்ந்த கண்டுபிடிப்பை மறுக்கக் கூடாது என்றது. இன்ஜினின் எரிபொருளைக் குறைக்கும் நிரலை மனதில் வைத்தால் நியாயமாகத்தான் படுகிறது. எனக்குப் பயம் அந்தத் 'தொழில்நுட்ப விளைவு' என்ற சொல்லை யார் எவ்வளவு இழுப்பார்கள் என்பதில். மிஸ்டு கால் வந்ததும் விலை போகிறது, நேரம் மிச்சம், அதுவும் விளைவுதானே என்று ஒரு நல்ல வக்கீல் எழுதிவிட முடியும். அப்படி எழுதப்பட்ட விண்ணப்பம் எதையாவது நீங்கள் பார்த்தால், பேட்டன்ட் கொடுப்பதற்கு முன்பே ஆட்சேபிக்க நம் சட்டத்தின் 25-ஆம் பிரிவு யாருக்கு வேண்டுமானாலும் இடம் தருகிறது. அந்தத் தொழிலில் இருக்க வேண்டும், நஷ்டப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் விண்ணப்பம் போடக் கற்றுக்கொள்கிற அளவுக்கு இதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நான் விண்ணப்பம் போடவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் மார்க்கெட்டில் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். விலை பேச்சாகவே வந்தது, பூவின் படத்தோடு. எழுபது எழுத்துக்குள் அடக்குவதற்கு நாங்கள் பட்ட பாடு யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த வெளியூர் நிறுவனம் மதுரையை விட்டே போய்விட்டது. எங்களிடம் ஐந்து கடை திரும்பி வந்தது, விலைக்காக இல்லை, சிட்டை எழுத. இன்றைக்கும் அந்தக் கணக்கு மென்பொருள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அன்றைக்கு விண்ணப்பம் போட்டுக் கிடைத்திருந்தால், அந்த மிஸ்டு கால் 2036 வரை என் பெயரில் இருக்கும்.

போன மார்கழியில் கணக்குத் திருத்த மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் கடையில் இப்போது அவர் மகன் உட்கார்கிறான். பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறிக் கிடந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது மேசையில் இருந்த போன் ஒரு தடவை அடித்து நின்றது.

"காரியாபட்டி" என்றான்.

"குரூப்பில் அவங்க இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்காங்கண்ணே. வாட்ஸ்அப்பில் பேரன் பார்ப்பான். ஆத்தா இப்பவும் இப்படித்தேன்" என்று சொல்லிக்கொண்டே கடைப் பையன் பக்கம் திரும்பினான். "டேய், தராசுகிட்ட இடத்தை விடு, பூ வருது."